உப்புக்கொத்தியின் முறியாத சிறகு

"மசணனா? நரி வாடை அடித்தாலே அவனுக்குப் பெண்டாட்டி பேர் மறந்துபோகும்."

ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த வாலாட்டிக் குருவி ஒன்று தன் அக்காளிடம் இப்படிச் சொல்லிச் சிரித்தது. பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மசணனின் காதில் அது விழுந்தது. அவன் மூச்சுக் காட்டாமல் மெல்ல நடந்து திரும்பிப் போனான்.

அந்தக் காலத்தில், எல்லா உயிர்களும் ஒரே மொழி பேசித் திரிந்த நாட்களில், மசணனும் அவன் மனைவி நஞ்சியும் மாயாற்றங்கரையில் வாழ்ந்த உப்புக்கொத்திகள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவைகள். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், கழுத்தில் கறுப்புப் பட்டை. அவர்கள் கூடு கட்டுவதில்லை. கோடையில் ஆறு ஒடுங்கியதும் கூழாங்கற்களுக்கு நடுவே சிறு பள்ளம் பறித்து முட்டையிடுவார்கள். முட்டையும் கூழாங்கல் நிறம்தான். ஆபத்து வந்தால் விருட்டென்று பறந்துவிடுவார்கள். அப்போது அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கோடையின் முதல் ஈட்டு முட்டைகளை மசணன் அடைகாத்துக்கொண்டிருந்தபோது, நாணல் விலகி நரியின் மூக்கு தெரிந்தது. இருந்த இடத்திலிருந்து நேரே மேலே எழும்பினான். நரி அவனைப் பார்க்கவே இல்லை. அவன் எழும்பிய இடத்தைப் பார்த்தது.

"நல்ல காரியம் செய்தாய் மாப்பிள்ளை. இத்தனை கல்லையும் நக்கிப் பார்க்க வேண்டுமோ என்று மலைத்துப்போய் நின்றேன்" என்று சொல்லிவிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாகத் தின்றது.

நஞ்சி வந்து பார்த்தாள். ஓட்டுத் துண்டுகளை அலகால் பொறுக்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று மசணனுக்கு இருந்தது.

ஆறு இன்னும் வற்றியது. நஞ்சி மறுபடி முட்டையிட்டாள்.

"மழை வந்தால் மணலெல்லாம் மூழ்கிவிடும் மாமா. இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி."

"நரி வந்தால்?"

"வரும்."

"என்ன செய்வாய்?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? நீ போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வா. வெயிலில் முட்டை வேகிறது."

மசணன் ஆற்று நடுவே ஒரு பாறையோரம் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டிருந்தபோதுதான் நரி வந்தது. நஞ்சி எழும்பவில்லை. நரி கற்களை மோந்துகொண்டே மிக அருகில் வந்ததும், சட்டென்று அதன் முகத்தில் பாய்ந்து கண்ணைக் கொத்தினாள். நரி தலையை உதறிக் கவ்வியது. சிறகு முறிந்த சத்தம் மசணன் வரைக்கும் கேட்டது.

பிடி நழுவி நஞ்சி கீழே விழுந்தாள். முறிந்த சிறகு மணலில் இழுபட, முட்டைகளுக்கு எதிர்த்திசையில் ஓடினாள். நரி தயங்கிப் பள்ளத்தின் பக்கம் மூக்கைத் திருப்பியது. உடனே அவளும் நின்றாள். கீச்சென்று கத்தி, அந்தச் சிறகை மணலில் அடித்துக் காட்டினாள்.

"பறக்க முடியாத குருவியை விட்டுவிட்டுக் கல்லை எவன் நக்குவான்?" என்றபடி நரி அவள் பின்னால் போனது.

கொஞ்சம் ஓடுவாள். வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பாள். மறுபடி ஓடுவாள். ஆறு வளையும் இடத்தில் இருவரும் மறைந்தார்கள். பிறகு கத்தல் கேட்கவில்லை.

மசணன் பாறையிலேயே நின்றான். வயிறு காய்ந்துபோயிருந்தது. அதை மறுபடி நனைத்துக்கொண்டு போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்தான்.

அதன்பின் தனியாகவே அடைகாத்தான். ஒரு காலையில் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"வெளியே யாரு?"

"அப்பா."

"அம்மா எங்கே?"

மசணன் வாய் திறக்குமுன் நாணல் விலகியது. நரி வயிறு ஒட்டிப்போய் நின்றது.

"சத்தம் போடாதீங்க" என்று முட்டைகளிடம் சொன்னான். சிறகுகள் தாமாகவே விரிந்தன. அவற்றை இழுத்து மடக்கிக்கொண்டான். கற்களுக்குள் தலை தாழ்த்தி, நரியின் கண்ணில் படாமல் வெகுதூரம் ஓடினான். அங்கே நிமிர்ந்து நின்று நஞ்சியைப் போலவே கத்தினான். நல்ல சிறகு ஒன்றைத் தொங்கவிட்டு மணலில் இழுத்தான்.

"நீயுமா மாப்பிள்ளை?" என்று நரி அவன் பக்கம் திரும்பியது.

ஓடினான். நின்றான். திரும்பிப் பார்த்தான். ஆற்று வளைவில் நஞ்சியின் இறகுகள் சில மணலில் ஒட்டிக் கிடந்தன. அவற்றைத் தாண்டியும் சிறகை இழுத்துக்கொண்டே போனான். நரியின் மூச்சு முதுகில் சுட்டபோதுதான் எழும்பிப் பறந்தான்.

அந்த நாளிலிருந்துதான், எதிரி வந்தால் உப்புக்கொத்தி முட்டைகளை விட்டு விலகி ஓடி, முறியாத சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு அதன் கண்முன்னே நடக்கிறது.