கரி பூசிய டோகா

முன்னொரு காலத்தில் ரோமாபுரியில் ஒரு டோகா இருந்தது. டோகா என்றால் உடம்பைச் சுற்றித் தோளில் போட்டுக்கொள்ளும் நீளமான போர்வை. குற்றம் சாட்டப்பட்டவன் அழுக்குத் துணியோடுதான் நீதிமன்றத்துக்கு வருவது அந்த ஊர் வழக்கம். பார்த்ததும் நீதிபதிகளுக்கு இரக்கம் வர வேண்டுமே! நம்ம டோகாவுக்கு அதுதான் பிழைப்பு. வக்கீல் கோர்னூட்டஸ் ஒவ்வொரு வழக்குக்கும் அதன்மேல் அடுப்புக்கரியைப் பூசி, கட்சிக்காரன் தோளில் போட்டுவிடுவார். "நாற்பது பேரைக் காப்பாத்தினவனாக்கும் நான்!" என்று அது அலட்டிக்கொள்ளும் அலட்டல் இருக்கிறதே, சொல்லி மாளாது.

நாற்பத்தோராவது ஆள் விபியஸ் என்ற சலவைக்காரன். செத்துப்போன எஜமானரின் உயிலைப் பொய்யாக எழுதினான் என்று வழக்கு. தோற்றால் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஏதோ ஒரு தீவில் கிடந்து சாக வேண்டியதுதான். அவனோ ஒரு தப்பும் செய்யாதவன்.

"கையை வெளியே நீட்டாதே. அந்தக் கோணல் விரலைப் பார்த்தா முகம் சுளிப்பாங்க," என்று சொல்லி வக்கீல் இரண்டு கையையும் டோகாவுக்குள் மூடிவிட்டார்.

உள்ளேயிருந்து கைகள் கெஞ்சின. "ஐயா, கொஞ்சம் வழி விடுங்க. முப்பது வருஷம் ஈரத்துணி பிழிஞ்சு பிழிஞ்சு எங்க விரல் மடங்கவே மடங்காது. எழுத்தாணியை எப்படிப் பிடிப்போம்? எங்களைப் பார்த்தாலே உண்மை தெரிஞ்சிடும்."

"சும்மா கிடங்கடா! எல்லாரும் என்னைப் பார்க்க வந்திருக்காங்க, உங்களை இல்லை," என்று அதட்டியது டோகா.

வக்கீல் அழுதார், மார்பில் அடித்துக்கொண்டார். "இந்த அழுக்கைப் பாருங்கள்!" என்று டோகாவின் நுனியைத் தூக்கிக் காட்டினார். டோகாவும் தன் பங்குக்குத் துவண்டு காட்டியது.

கூட்டத்தில் நின்ற மீன்காரி ஒருத்தி, "அட, இது போன வாரம் அந்த ரொட்டிக்காரன் போட்டிருந்ததில்ல? அதே கிழிசல்!" என்று கத்தினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நீதிபதிகளுக்கோ முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. டோகாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மூலையில் தண்ணீர்க் கடிகாரம் சொட்டிக்கொண்டிருந்தது. அது நின்றால் வக்கீலின் பேச்சும் முடிந்தது.

"என்ன ஓய், உம்ம கூத்து பலிக்கலையே?" என்று டோகாவைக் கேட்டது கடிகாரம். "இன்னும் பத்துச் சொட்டுத்தான் பாக்கி."

உள்ளே கைகள் வெடவெடவென்று நடுங்கின. அந்த நடுக்கம் டோகாவை என்னவோ செய்தது. சபை நடுவே நழுவி விழுவதைவிட ஒரு டோகாவுக்குக் கேவலம் வேறு இல்லை. நாற்பது வழக்கிலும் அது ஒரு விரற்கடைகூட நழுவியதில்லை.

"மானம் போனாப் போகுது!" என்று அது தோளை விட்டது.

விபியஸ் பதறிப்போய் இரண்டு கையாலும் பிடிக்கப் பார்த்தான். விரல்கள் மடங்கவில்லை. அவ்வளவு தடித்த துணியில் ஒரு நுனிகூட அகப்படவில்லை. மறுபடி பாய்ந்தான், மறுபடியும் வழுக்கியது. சபை மொத்தமும் அதைப் பார்த்தது.

தலைமை நீதிபதி எழுந்தேவிட்டார். "போர்வையைப் பிடிக்க முடியாத இந்த விரலா முத்து முத்தாக உயில் எழுதியது?"

"விடுதலை! விடுதலை!" கூரை அதிர்ந்தது. மீன்காரிதான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கத்தினாள். ஜனங்கள் விபியஸைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடிய கால்கள் அத்தனையும் டோகாவை மிதித்துக்கொண்டு போயின.

மீன்காரி அதைப் பொறுக்கி வந்து கொடுக்க, மறுநாள் விபியஸ் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து வெளுத்தான். கரி முதல் தண்ணீரிலேயே போய்விட்டது. ஒரு செருப்புத் தடம் மட்டும் போகவே இல்லை. அவன் இன்னொரு தடவை மிதிக்கப் போனான்.

"அதை விட்டுடு ராசா," என்றது டோகா. "நாற்பத்தோரு வழக்குல இது ஒண்ணுதான் நான் சம்பாதிச்ச அழுக்கு."