துத்தநாகம்

குழந்தை வைத்தியம் கற்க டாக்டர் ஃபரிதாவிடம் வந்து சேர்ந்த டாக்டர் தணிகாசலத்துக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கோ ஒரு முடிகூட வெளுக்கவில்லை. அதனால் என்ன, சீடர் சீடர்தான். சந்தேகம் கேட்டே ஆளைத் துளைத்துவிடுவார்.

எச்.ஐ.வி.யோடு பிறந்த கைக்குழந்தை கனிஷ்காவுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. கண் குழிந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் தாய் ஜோதிமணியின் தோளில் துவண்டு கிடந்தாள்.

"உப்பு சர்க்கரைக் கரைசலோட துத்தநாகமும் கொடுக்கணும்மா," என்றார். தமிழ்ப்பற்று அவருக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஜோதிமணி பிள்ளையை வாரிக்கொண்டு எழுந்துவிட்டாள். "நாகமா? எம்புள்ளைக்குப் பாம்பு வெசத்தையா குடுக்கப் போறீங்க?"

"ஜிங்க் மாத்திரையைத்தாம்மா சொல்றாரு. சத்து மாத்திரை. உட்காரு," என்றார் ஃபரிதா.

அவள் உட்கார்ந்தாள். இப்போது சீடருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குருவைத் தள்ளி அழைத்துப் போய்க் கேட்டார்:

"மேடம், குழந்தைக்குச் சத்துன்னா உள்ள இருக்கிற கிருமிக்கும் சத்துதானே? பாம்புக்குப் பால் வார்த்த கதையாயிட்டா?"

ஃபரிதா நேரே குழந்தையிடம் திரும்பி வந்தார். ஜோதிமணியிடம் ஸ்பூனைக் கொடுத்துக் கொஞ்சம் தாய்ப்பால் பீய்ச்சித் தரச் சொன்னார். மாத்திரையை அதில் போட்டார். அது கரைந்ததும் ஸ்பூனைச் சீடரின் கையில் வைத்தார்.

"ஊட்டுங்க சார்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"கனிஷ்கா சொல்லுவா."

பயந்துகொண்டேதான் ஊட்டினார். பாதி அவர் சட்டைக்குப் போனது, மீதி உள்ளே இறங்கியது.

அந்த மாத்திரையை இரண்டு வாரம் தொடர்ந்து கொடுத்ததில் வயிற்றுப்போக்கு நின்றது. கிருமியை அடக்கும் மருந்தை ஜோதிமணி ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. பல மாதங்கள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்ததும் தணிகாசலம் வயதை மறந்து வராந்தாவில் ஓடினார்.

"மேடம்! கிருமி ஏறவே இல்ல! முன்னைக்கு இப்ப இறங்கியிருக்கு!"

ஜோதிமணியின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிய கனிஷ்கா, தத்தித் தத்தி அவரிடமே நடந்து வந்தாள். பூரித்துப்போய்க் குனிந்து கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து, புதுப் பல்லெல்லாம் பதியக் கடித்தாள்.

"ஐயோ! கடிச்சுட்டா, மேடம்!"

ஃபரிதா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பால் குடிச்சது கிருமியா, தானான்னு அவளே சொல்லிட்டா பாத்தீங்களா, சார்!"