ஆமை நடத்திய ஆபத்துப் பாடம்

தாமரைக் குளத்தில் ஆமை அஞ்சுகத்தம்மாள் ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தாள். அங்கே ஒரே பாடம்தான். ஆபத்தியல்! அதற்கு முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றே: ஆபத்து மேலே இருந்து வரும்.

சின்ன வயதில் அவளை ஒரு பருந்து தூக்கிப் போய்ப் பாறையில் போட்டது. ஓடு கீறிப் போனதோடு உயிர் தப்பினாள். அன்றிலிருந்து அவளுக்கு வானம்தான் எதிரி. மாணவர்களும் அண்ணாந்தே நடந்து மரத்தில் முட்டிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் படிப்பாம்!

ஒரு வருஷம் பக்கத்து வயல்களை மேடாக்கி வீட்டுமனை போட்டுவிட்டார்கள். வயலில் இருந்ததெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு குளத்துக்கு வந்தது. வெள்ளெலி வேம்புவும் வந்தாள். அவளும் வயலில் ஆபத்தியல் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் வளைக்குள் பாம்பு புகுந்து அவள் குடும்பத்தையே காலி செய்திருந்தது. அதனால் ஆபத்து கீழே இருந்துதான் வரும் என்று அடித்துச் சொன்னாள்.

"அது உன் வீட்டுக் கதை. பாடத்தில் சேராது," என்றாள் ஆமை.

"பருந்து தூக்கியது மட்டும் யார் வீட்டுக் கதையாம்?" என்று கேட்டாள் வேம்பு.

ஆமைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

கரையோரக் குழியில் ஆமை இட்ட முட்டைகள் இருந்தன. அவள் உயிரே அவற்றின்மேல்தான். அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே வாதம் சூடு பிடித்தது. ஒருத்தி வானத்தைக் காட்டினாள். மற்றவள் மண்ணைத் தட்டினாள். கூட்டத்தில் ஒரு வயல் நண்டும் இருந்தது. பக்கவாட்டில் நடக்கிற பிறவி, பார்ப்பதும் பக்கவாட்டில்தான். அது மெல்ல வாயைத் திறந்து, "பக்கத்திலே ஒரு உடும்பு வருதுங்க," என்றது.

"பக்கமா? அப்படி ஒரு திசையே பாடத்தில் கிடையாது!" என்றார்கள் இருவரும். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

உடும்பு நிதானமாக நடந்து வந்தது, குழியைக் கிளறியது, ஒரு முட்டையை விழுங்கியது. அப்புறம்தான் ஆமை கழுத்தைத் திருப்பினாள். விழுந்தடித்துப் போய்க் குழிமேல் கவிழ்ந்துகொண்டாள். வேம்பு உடும்பின் வாலைக் கடித்தாள், நண்டு அதன் மூக்கைக் கவ்வியது. உடும்பு எடுத்தது ஓட்டம்.

போன முட்டை போனதுதான். ஆமை வெகுநேரம் அழுதாள். வேம்பு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வகுப்பு கூடியது. ஆமை பாடத்தைத் தொடங்கவில்லை.

"முதலில் அவரவர் எங்கே அடிபட்டீர்கள் என்று சொல்லுங்கள். பாடத்தை அப்புறம் எழுதலாம்," என்றாள்.

தான் பட்ட அடியை மட்டும் வைத்து உலகத்துக்கே பாடம் எழுதுகிறவர், எவ்வளவு கற்றாலும் அரைகுறைதான்.