செம்பனும் புளித்த இலுப்பைப் பூவும்

மருதங்காட்டில் ஒரு பயிற்சிச் சாலை இருந்தது. பல மலைகளிலிருந்தும் இளம் விலங்குகள் அங்கே வந்து தங்கிப் படித்தன. செம்பன் என்ற மலையணிலும் அப்படி வந்ததுதான்.

சொந்த மலையில் தாவுவதில் செம்பன்தான் முதல். இங்கேயோ எல்லா அணில்களும் அதைவிடத் தூரம் தாவின! செம்பனுக்குத் தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் புதர் மறைவில் உட்கார்ந்து அழுதது.

அதை ஒரு நரி பார்த்துவிட்டது.

"இதற்கா அழுகிறாய்? இந்தப் பூவைத் தின்று பார்!" என்று, போதை ஏறப் புளிக்க வைத்த இலுப்பைப் பூவை நீட்டியது.

தின்றதும் பயம் போனது. அன்று செம்பன் நன்றாகவே தாவியது.

மறுநாள் இரண்டு பூ வேண்டியிருந்தது. அப்புறம் கைநிறைய. ஒரே மாதத்தில், தின்னாவிட்டால் கால் நடுங்கியது. தின்றாலோ ஒரு கிளை இரண்டாகத் தெரிந்தது!

தோழி மைனா பூங்கொடி திட்டிப் பார்த்தது. "உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கிறதா?" செம்பன் அதனுடன் பேசுவதையே நிறுத்திவிட்டது.

பிறகு நரி தன் கணக்கைச் சொன்னது. "இனிமேல் சும்மா கிடைக்காது. புதிதாக வந்த அணில்களை என்னிடம் கூட்டி வா!"

செம்பன் புது அணில்கள் தங்கும் மரத்துக்குப் போனது. அங்கே ஒரு சின்ன அணில் தனியே உட்கார்ந்திருந்தது. "என்னால் தாவவே முடியவில்லை, அண்ணா" என்று விம்மியது.

புதர் மறைவில் தான் அழுத நாள் செம்பனுக்கு நினைவு வந்தது. அது நேரே மைனாவிடம் ஓடியது.

"பூங்கொடி, என்னால் இதை விட முடியவில்லை!"

மைனா திட்டத்தான் வாயைத் திறந்தது. நடுங்கும் கால்களைப் பார்த்ததும் குரல் தணிந்தது.

"பாறையடியில் தும்பை என்ற முயல் இருக்கிறதே! நம் மனக்குறைகளைக் கேட்கத்தானே பயிற்சிச் சாலையில் அதை வைத்திருக்கிறார்கள். போகலாமா?"

"ஐயோ! அங்கே போனால் பைத்தியம் என்பார்களே!"

"நானும் வருகிறேன். இரண்டு பேரையும் சேர்த்தே சொல்லட்டும்!"

இரண்டும் பாறையடிக்குப் போயின. முயல் தும்பை அந்த இலுப்பைப் பூவைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எத்தனை நாளாகத் தூக்கமில்லை?" என்றுதான் கேட்டது. செம்பன் பொழுது சாயும் வரை பேசியது.

"வெளியே சொல்லிவிடுவாயா?"

"நீ சொல்லச் சொன்னால் ஒழிய, மாட்டேன்."

செம்பனின் சம்மதத்தோடு தும்பை அழைத்துப் போக, வைத்தியக் கரடி மருந்து கொடுத்தது. வாந்தியும் நடுக்கமுமாக ஏழு நாள் போனது. எட்டாம் நாள் செம்பன் தாங்க முடியாமல், புது அணில்களைக் கூட்டி வருவதாக நரியிடம் சொல்லி, பூவை வாங்கித் தின்றுவிட்டது. மறுநாள் காலையில் தலை குனிந்தபடி தும்பையின் வளை வாசலில் வந்து நின்றது.

"உன் முகத்தைப் பார்க்கவே எனக்கு யோக்கியதை இல்லை!"

"வந்துவிட்டாயே! உட்கார். நேற்று என்ன நடந்தது?" என்றது தும்பை.

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. செம்பன் தேம்பித் தேம்பி அழுதது. பிறகு தானாகவே எழுந்து போய், பயிற்சிச் சாலைத் தலைவியான யானையிடம் எல்லாவற்றையும் சொன்னது. யானை தன் கூட்டத்தோடு வந்து நரியைக் காட்டைவிட்டே துரத்தியது.

அந்த ஆண்டுத் தாவல் தேர்வில் செம்பனால் தாவ முடியவில்லை. அடுத்த ஆண்டு தாவியது. ஐந்தாவதாகத்தான் வந்தது. ஆனால் கிளையைப் பற்றிய கால்கள் நடுங்கவில்லை.

போதையில் சிக்கியவர் உதவி கேட்பதில் வெட்கமில்லை. கேட்டு வருபவரை எத்தனை முறை சறுக்கினாலும் திட்டி விரட்டாமல் உட்காரவைத்துக் கேட்பதே அவரை மீட்கும்.