மில்காரர் படுக்காத கட்டில்

நீர் படுக்காத லாட்ஜ் அறையைப் பரிசுக்காகப் பூட்டி வைத்திருக்கிறீரே, உம்மைத்தான் கேட்கிறேன், இது நியாயமா ஐயா?

மதுரையில் ஒரு லாட்ஜில் மூன்று நாள் தங்கினால் துபாய் டிக்கெட் இலவசம். மில் முதலாளி குலசேகரன் அறையைப் போட்டுவிட்டுச் சொந்த வீட்டில் தூங்கினார். அறை கூட்டும் பேச்சியைப் போனில் அதட்டினார்: "ஆள் படுத்த மாதிரி கட்டில் இருக்கணும். இல்லே, உன் வேலை காலி!"

லாட்ஜ் வாசலில் கண் ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் இடம் கிடைக்காமல் வெயிலில் கிடந்தார். பேச்சி அவரைக் கட்டிலில் படுக்க வைத்தாள்.

மூன்றாம் நாள் டிக்கெட்டுக்கு வந்த குலசேகரன் அறைக்குள் எட்டிப் பார்த்து, மேனேஜர் எதிரிலேயே கத்தினார்: "என் கட்டில்ல யாருடி இது?"

"படுத்த மாதிரி இருக்கணும்னீங்க மொதலாளி. படுக்கவே வச்சிட்டேன்."

"அப்ப மூணு நாளா நீங்க எங்க சார் படுத்தீங்க?" என்றார் மேனேஜர். டிக்கெட் மேசைக்குள் போனது. அறை பெரியவர் பேருக்கு மாறியது.

நீரும் சாவியைக் கொடுத்துவிடும், இன்றைக்கே!