தேரை மோந்த முட்டைகள்

மழை ஏமாற்றிவிட்ட ஒரு காட்டில் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. அதற்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. காற்றில் ஓர் இலை உதிர்ந்தாலும், "யார் பிடுங்கிப் போட்டது?" என்று கேட்கும். அப்படி ஒரு பிறவி.

அந்தக் கோடையில் அது ஒரு பழைய கறையான் புற்றுக்குள் முட்டையிட்டது. வெயிலோ புற்றையே வறுத்தெடுத்தது. ஒருநாள் சாரை இரை தேடிவிட்டுத் திரும்பிவந்து பார்த்தால், முட்டைகள் எல்லாம் பல் போன கிழவரின் கன்னம் மாதிரி குழிந்து கிடந்தன. பாவம், பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

புற்றுக்குப் பக்கத்து வேலமரத்தில் ஒரு செம்போத்து உட்கார்ந்திருந்தது. செம்போத்தைக் கண்டால் நல்ல சகுனம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதனால் அது என்ன உளறினாலும் அந்தக் காட்டில் வேதவாக்கு.

"சாரையக்கா, இது தேரை மோந்த வேலை," என்றது செம்போத்து. "தேரை மோந்தால் தேங்காயே உள்ளுக்குள் வற்றிப்போகிறது. உன் முட்டை எந்த மூலைக்கு?"

பிள்ளைகளே, தென்னை மரம் ஏறித் தேங்காயை மோந்து பார்த்த தேரையை நீங்கள் கண்டதுண்டா? நானும் கண்டதில்லை. ஆனால் காய் வற்றினாலும் சரி, குழந்தை இளைத்தாலும் சரி, பழி என்னவோ தேரையின் தலையில்தான் விழுகிறது.

சாரை விறுவிறுவென்று ஓடைக்குப் போனது. ஒரு கல்லடியில், கொஞ்சநஞ்ச ஈரத்தில் பதுங்கியிருந்த தேரையைச் சுற்றி வளைத்தது.

"என் முட்டைகளை ஏன் மோந்தாய்?"

"நான் இந்தக் கல்லை விட்டு நகர்ந்து எத்தனையோ நாளாயிற்று, சாரையம்மா. இந்த வெயிலில் வெளியே வந்தால் நானே கருவாடுதான்."

"பிறகு எப்படி வற்றின?"

"காய்ந்த மண் உறிஞ்சியிருக்கும். என் தோல் காய்ந்தால் என் உயிர் போய்விடும். அதனால் ஈரத்தின் அருமை எனக்குத் தெரியும். முட்டைகளில் நாற்றம் அடிக்கிறதா?"

"இல்லை."

"பூஞ்சை பூத்திருக்கிறதா?"

"இல்லை. வெள்ளையாகத்தான் இருக்கின்றன."

"அப்படியானால் உள்ளே உயிர் இருக்கும். பக்குவமாக ஈரம் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். நான் காட்டித் தருகிறேன்."

சாரை அதை ஏற இறங்கப் பார்த்தது. "என் பிள்ளைகள் பெரிதானால் உன் பிள்ளைகளைத் தின்னும். உனக்கு எதற்கு இந்த அக்கறை?"

"செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்து அலுத்துவிட்டது. ஒரு முட்டையும் பொரியாவிட்டால் என்னை விழுங்கிக்கொள்."

வேறு வழியில்லாமல் சாரை ஒத்துக்கொண்டது. ஆனாலும் வழியெல்லாம் தேரையை முன்னால் விட்டுப் பின்னால்தான் ஊர்ந்தது.

ஓடைக்கரையின் மக்கிய இலைகளைச் சாரை உடம்பால் தள்ளித் தள்ளிப் புற்றுக்குள் கொண்டுவந்தது. தேரை ஒவ்வொரு குவியலின்மேலும் வயிறு பதிய உட்கார்ந்து பார்த்தது. "இது சொட்டுகிறது. முட்டை அழுகிவிடும்," என்று ஒரு குவியலை ஒதுக்கியது. "இது போதாது," என்று இன்னொன்றை ஒதுக்கியது. கடைசியில் ஒரு குவியல் அதற்குப் பிடித்தது. அதை இரண்டும் சேர்ந்து முட்டைகளைச் சுற்றி அணைத்து வைத்தன.

"இனி காய்ந்தால் மட்டும் ஈரம் சேர்க்கலாம்," என்றது தேரை. "ஆனால் முட்டையைப் புரட்டாதே. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அந்தப் பக்கமே கடைசிவரை மேலே இருக்கட்டும். புரட்டினால் உள்ளே இருக்கும் உயிர் தாங்காது."

தேரை கல்லடிக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளில் குழிந்த முட்டைகள் மெல்ல மெல்ல உப்பி எழுந்தன. வேறு தாயாக இருந்தால் கும்பிட்டிருப்பாள். சாரைக்கோ புதுக் கவலை வந்துவிட்டது.

"இவ்வளவு சீக்கிரம் எப்படி உப்பும்? அந்தத் தேரைப்பயல் உள்ளே என்ன செய்து வைத்தான்?"

"நானும் அதைத்தான் நினைத்தேன்," என்றது செம்போத்து. "புரட்டக் கூடாது என்றானே, ஏன்? அடியில் ஓட்டை போட்டிருப்பான். நான் என் முட்டைகளை நாள் தவறாமல் புரட்டுகிறேன். என் குஞ்சுகள் செத்தா போயின?"

அது சாரைக்கு நியாயமாகப் பட்டது. மூக்கால் நெம்பிப் பார்த்தது. நடுவில் கிடந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததால் அசையவில்லை. ஓரத்தில் தனித்தனியாகக் கிடந்தவை புரண்டன. முகர்ந்து முகர்ந்து பார்த்தது. அடியில் ஓட்டை எதுவும் இல்லை.

அதோடு விட்டதா? "இன்றைக்கு இல்லை. நாளைக்குப் போட்டுவிட்டால்?" என்று மறுநாளும் புரட்டியது. அதற்கு மறுநாளும் புரட்டியது.

முட்டை பொரியும் காலம் வந்தது. தேரையும் வந்து ஓரமாக உட்கார்ந்தது. நடுவில் இருந்த முட்டைகளின் தோல் கிழிந்து, விரல் நுனி அளவு தலைகள் வெளியே வந்தன. ஓரத்து முட்டைகள் அசையவே இல்லை. சாரை அவற்றைச் சுற்றிச் சுருண்டுகொண்டு காத்திருந்தது. நடு முட்டைக் குட்டிகள் எல்லாம் வெளியே வந்து ஊரத் தொடங்கின. ஓரத்து முட்டைகள் அப்படியே கிடந்தன.

"பார்த்தாயா! தேரை மோந்த முட்டைகள்!" என்றது செம்போத்து. "இன்னும் என்ன பார்க்கிறாய்? விழுங்கு அவனை."

தேரை ஓடவில்லை. செத்துக் கிடந்த முட்டைகளின் அருகே போய்ப் பார்த்தது. அடியில் இருக்க வேண்டிய மண்கறை ஒன்றில் மேலே இருந்தது, இன்னொன்றில் பக்கவாட்டில் இருந்தது.

"சாரையம்மா, இவற்றை யார் தொட்டது?" என்று அது கேட்டது.

கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் பாம்புக்கு இமை கிடையாது. சாரை அந்த முட்டைகளைப் பார்த்துக்கொண்டே கிடந்தது.

"என்ன யோசனை, அக்கா?" என்று மேலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"தேரை மோந்த முட்டைகள் அதோ ஊர்கின்றன," என்றது சாரை. "இவை நான் மோந்தவை."

நீதி: சந்தேகத்தைக் காவலுக்கு வைத்த வீட்டுக்குத் தனியாக ஒரு திருடன் வேண்டாம்.