நாலும் நாலும் எட்டு

மெல்லிசைக் குழுவின் சுவரொட்டியில் தபேலாக்காரர் பெயர்கூட இருக்கும். ஒயர் சுருட்டும் பொற்கொடியின் பெயர் மட்டும் இராது. பழைய பாஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்க அவளை அனுப்பிய தலைவர், "புகைஞ்சா உனக்கு வேலை இல்ல" என்றிருந்தார்.

மாட்டும் ஸ்பீக்கர்களின் மின்தடை நான்கு ஓமுக்குக் குறைந்தால் எரியும் ஆம்ப்ளிஃபயர் அது. கடைக்காரரோ நான்கு ஓம் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை அதோடு சேர்த்து அவள் தலையில் கட்டப் பார்த்தார். இரண்டையும் இணையாக மாட்டினால் மின்தடை கூடுவதில்லை, பாதியாகிவிடும்.

"நாலும் நாலும் எட்டும்மா. பொம்பளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"சரிண்ணே. ரெண்டையும் மாட்டி, முழுச் சத்தத்துல கால்மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க. மூணையும் எடுத்துக்கிறேன்."

கடைக்காரரின் கை சுவிட்சுக்குப் போகவில்லை.

"ஏண்ணே, எட்டுன்னீங்களே?"

அவர் உள்ளே போய், எட்டு ஓம் பெட்டிகள் இரண்டைத் தாமே சுமந்து வந்தார்.

பொற்கொடி இன்று அக்குழுவின் ஒலிப்பொறுப்பாளர். சுவரொட்டியில் அவள் பெயர் தபேலாக்காரருக்கு மேலே இருக்கிறது.